முருகையாவின் உதரவிதானம்

தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி முருகையாவுக்குக் காலையில் பசியாறும்போதே விக்கல் பிடித்துக்கொண்டது. ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். விக்கல் இன்னும் பலமாக வந்தது.

அன்றைக்கென்று பார்த்தா வர வேண்டும்? தோட்டத்தை நிர்வகிக்க வந்திருக்கும் புதுத் துரைக்குச் சாயங்காலம் வரவேற்பு. மேடையில் பேசப்போவது அவர்தான். ஸ்டோர் கிராணி அமிர்தலிங்கம் வேறு அந்த மைக்குக்காகப் பல நாளாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

"யாரோ உங்கள நெனைக்கிறாங்க," என்றாள் மனைவி காளியம்மா.

"துரைதான்... விக்... நெனைப்பாரு!"

பறித்து வந்த கொழுந்தை நிறுத்து முடித்த பிறகுதான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் செல்லையா சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார்.

"நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல குடை மாதிரி ஒரு தசை இருக்கு பாருங்க. அதுக்குப் பேரு உதரவிதானம். அது கீழ எறங்குனா மூச்சு உள்ள வரும். இப்ப அது தானா துள்ளுது. துள்ளுனதும் தொண்டைக் கதவு டக்குனு மூடிக்குது. அந்தச் சத்தம்தான் விக்கல்."

"எப்ப... விக்... நிக்கும்?"

"நிக்கும் லா. இந்தச் சீனிய வாயில போட்டுக்கிட்டு மூச்ச அடக்குங்க."

அடக்கினார். சீனி புரையேறி, விக்கலோடு இருமலும் சேர்ந்துகொண்டது. இருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"டிரசர் என்ன சொன்னாரு?"

"யாரும் நெனைக்கல காளி. எல்லாம் இந்த... விக்... உதரவிதானத்தாலதான்."

காளியம்மாவின் கரண்டி பாதியில் நின்றது. "யாரு அவ?"

"அவ இல்ல, அது! நெஞ்சுக்குக் கீழ..."

"நெஞ்சுலயே வச்சிருக்கீங்களா?"

"அது இல்லாட்டி என்னால மூச்சுகூட விட முடியாது காளி!"

"அவ்வளவு தூரம் ஆயிருச்சா!"

"எல்லாருக்கும் இருக்கிறதுதானே!"

"அப்ப தோட்டத்து ஆம்பளைங்க அத்தன பேரும் இப்படித்தானா?" என்று காளியம்மா போட்ட சத்தம் பக்கத்து வீட்டு வடிவம்மாளுக்குக் கேட்டது. வடிவம்மாளுக்குக் கேட்டால் லயத்து வீடுகள் அத்தனைக்கும் கேட்ட மாதிரி.

மத்தியானத்துக்குள் உதரவிதானம் பக்கத்து ஊரான ரிங்லெட்டில் குடியிருந்தாள். சிலர் கணக்கில் அவள் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நர்ஸ். கங்காணி சின்னக்கருப்பன் முருகையாவைத் தனியே இழுத்துப்போனார்.

"பேரப் பாத்தா படிச்ச பொண்ணு மாதிரி இருக்கு கிராணி. நமக்கு ஏன் லா? விட்டுருங்க."

"மாரியாத்தா சத்தியமா... விக்!"

"பாத்தீங்களா? சத்தியமே தொண்டைய விட்டு வரல."

சாயங்காலம் பனிமூட்டம் மலையை விட்டு இறங்கி வந்தது. துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முருகையா மைக்கைப் பிடித்தார்.

"பெரு... விக்... மதிப்புக்குரிய..."

கூட்டம் சிரித்தது. அமிர்தலிங்கம் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

அந்த நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, கையில் பெட்டியோடு காளியம்மா மேடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"திரிங்காப் போற லோரி நிக்குது. எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க உங்க உதரவிதானத்தோடயே வாழுங்க!"

முருகையா அரண்டுபோனார். துரை மறந்துபோனார், மைக் மறந்துபோனது. இருபது வருஷமாகக் கூட வாழ்ந்தவள் அல்லவா! மூச்சு அப்படியே நின்றுவிட்டது.

"காளி, போகாத! நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

மைக் வழியாக அது மலை முழுக்க ஒலித்தது. நடுவில் ஒரு விக்கல்கூட இல்லை.

காளியம்மா பெட்டியைக் கீழே வைத்தாள். "மொதல்ல பேசி முடிங்க. போறதா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்."

முருகையா பேசினார். தண்ணீர் ஓடுவது போலப் பேசினார். துரை எழுந்து நின்று கை தட்டினார். அமிர்தலிங்கமும் வேறு வழியில்லாமல் தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் முருகையா ஓடிப்போய் டிரசரின் கையைப் பிடித்துக்கொண்டார். "செல்லையா, கொஞ்சம் வாங்க லா. உதரவிதானம் பொம்பள இல்லன்னு காளிகிட்ட நீங்களே அந்தப் படத்தக் காட்டிச் சொல்லிருங்க!"

டிரசர் சிரித்தார். "அவங்களுக்கா? காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்து, படத்தப் பாத்து எல்லாத்தயும் கேட்டுட்டுத்தானே போனாங்க. ஆளு நல்லா அரண்டு போனாத்தான் விக்கல் நிக்கும்னேன். 'அது எம்பொறுப்பு, அவருகிட்ட மூச்சு விடாதீங்க'ன்னாங்க!"