என் மூஞ்சி எனக்குச் சொந்தம்

மனுசனுக்கு உரிமைன்னு ஒண்ணு இருக்குதுங்களா, இல்லீங்களா? மொதல்ல அதைச் சொல்லுங்க. மத்ததை நான் சொல்றேன்.

என் பேரு கதிர்வேல். நாமக்கல்லுல லாரிக்கு பாடி கட்டற பட்டறை வெச்சிருக்கறேன். இந்தப் போனு, ஆப்பு சமாச்சாரத்துல எங்க பட்டறைத் தெருவுலயே என்னளவுக்கு உசாரான ஆளு கெடையாது. ஒருக்கா டார்ச் லைட்டுக்குன்னு ஒரு ஆப் எறக்கினேன். எறக்கினதும் அது என்ன கேட்டுது தெரியுமுங்களா? என் போனுல இருக்கற நம்பர் அத்தனையும் பார்க்கோணுமாம். நான் எங்க நிக்கறேன்னு தெரியோணுமாம். ஏன்டா, கட்டிலுக்கு அடியில செருப்பைத் தேடறவனுக்கு வெளிச்சம் குடுன்னா, என் மச்சான் நம்பர் உனக்கு எதுக்குடா? அந்த எடத்துலயே தூக்கிக் கடாசிட்டேன்.

அதுலருந்து டீக்கடையில எனக்கு இதே பேச்சுதான். நம்ம தகவல் நம்ம சொத்து, கேக்காம எடுத்தா அது திருட்டுன்னு தொண்டை கட்டற வரைக்கும் பேசுவேன். எதிர்ல உக்காந்துட்டு ஆமாங்ணா, ஆமாங்ணான்னு தலையாட்டறவன் பக்கத்தூட்டு மயில்சாமி. கோழிப்பண்ணை வெச்சிருக்கறான். யாரு என்ன சொன்னாலும் தலையாட்டுவான். கோழி கொக்கரிச்சாலும் ஆட்டுவான்னு நெனைக்கறேன்.

இப்பேர்ப்பட்ட என்னோட மூஞ்சியை, என்னைக் கேக்காம, ஊரே பார்த்துட்டு இருந்திருக்குதுங்க.

ராசிபுரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில உக்காந்தேன். சாம்பார் வாளியோட வந்த ஆளு என் எலைக்கு முன்னால வந்ததும் நின்னுட்டான். ஊத்தப்பான்னேன். ஊத்தினான். ஊத்திட்டும் நகரலை. என் மூஞ்சியவே பார்த்துட்டு நிக்கறான். பக்கத்து எலைக்காரரு சாப்பிடறதை நிறுத்திட்டாரு. எதிர் வரிசையில ஒரு அம்மா போனைத் தூக்கிப் புடிச்சுது. நான் எப்ப வாயைத் தொறப்பேன்னு பந்தியே காத்துட்டுக் கெடக்குது. எனக்கு ஒண்ணும் ஓடலை. கடைசியில அந்த வாளிக்காரனே பொறுக்க மாட்டாமக் கேட்டுட்டான்.

"மாமா, இது சாம்பார்னு சாம்பாருக்குத் தெரியுமுங்களா?"

பந்தி உழுந்து உழுந்து சிரிச்சுது. எனக்குக் கை எலையிலயே நின்னுபோச்சு. ஏன்னா அது என் பேச்சுங்க. எங்கூட்டுல, என் தட்டுக்கு முன்னால உக்காந்து, எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் நான் பேசற பேச்சு. ரசம் பச்சைத் தண்ணியா இருந்தா, இது ரசம்னு ரசத்துக்குத் தெரியுமாம்பேன். இட்லி கல்லாட்டம் இருந்தா இட்லிக்கும் அதே கேள்விதான். புருசன் பொண்டாட்டிக்குள்ள நடக்கற இந்தப் பேச்சு வாளி தூக்கறவனுக்கு எப்படித் தெரியும்?

பக்கத்து எலைக்காரரு தன் போனைக் காட்டினாரு. "எங்கூட்டு மாமா"ன்னு ஒரு சேனல். தொறந்தா வரிசையா நான்தான். பனியனோட நான். வாய் நெறையாச் சோத்தோட நான். கீரையைக் கரண்டியில தூக்கி வெளிச்சத்துக்கு நேராக் காட்டற நான். நாப்பதாயிரம் பேரு பார்க்கறாங்க. அத்தனையும் எம் பொண்டாட்டி வசந்தாமணி எடுத்தது. ஊறுகா சாடிமேல போனைச் சாத்தி வெச்சு எடுத்திருக்கறா. எனக்கு ஊறுகா ஆவாதுன்னு டாக்டர் சொன்னதுக்கு அப்பறமும் அந்தச் சாடி ஏன் என் முன்னாலயே இருக்குதுன்னு நான் ஒரு நாளும் யோசிக்கலீங்க.

ஊட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழட்டலை. என் மூஞ்சி எனக்குச் சொந்தம், கேக்காம எடுத்தது திருட்டு, எல்லாத்தையும் இப்பவே அழிக்கோணும்னு சத்தம் போட்டேன். வசந்தாமணி முருங்கைக்கீரை உருவிட்டு இருந்தா. உருவறதை நிறுத்தலை.

"நீங்க ஒத்துக்கிட்டீங்களே மாமா. வீடியோவுல இருக்கறவருக்குச் சம்மதமான்னு ஆப்புல கேட்டுது. எனக்குக் கையெல்லாம் எண்ணெய், நீங்களே அமுக்குங்கன்னு நீட்டினேன். அமுக்கினீங்க."

நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், எனக்கு லேசா ஞாபகம் இருந்துது. அன்னைக்கு பஜ்ஜி போட்டுட்டு இருந்தா. பஜ்ஜி வேகற நேரத்துல எவனாச்சும் சட்டதிட்டம் படிப்பானுங்களா? படிக்காம அமுக்கினது சம்மதம் ஆயிருமான்னு கேட்டேன். அதை ஆப்புக்காரன்கிட்டக் கேளுங்கன்னுட்டா.

கேட்டேன். புகார் எழுதினேன். என்னைக் கேக்காம என் மூஞ்சியைக் காட்டறாங்க, தூக்குங்கன்னு எழுதினேன். அதுக்கு என்ன பதில் வந்துது தெரியுமுங்களா? அந்த மூஞ்சி உங்க மூஞ்சிதான்னு நிரூபிக்கோணுமாம். போனைப் பார்த்து எடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, மேல பாரு, கண்ணைச் சிமிட்டு. என் மூஞ்சியைக் காட்டாதேன்னு சொல்றதுக்கு என் மூஞ்சியை நாலு பக்கமும் காட்டோணுமாம். பட்டறையில வெல்டிங் வெக்கறவங்க எல்லாம் வேலையை விட்டுட்டுப் பார்க்க, நான் தனியா நின்னு கண்ணைச் சிமிட்டினேன். ஒரு பலகைக்கு ஆணி அடிக்கற நேரத்துல பதில் வந்துருச்சு. உங்கள் புகாரைக் கவனமாகப் பரிசீலித்தோம், எங்கள் விதிகளுக்கு மாறாக எதுவும் இல்லை. எவன்டா பரிசீலிச்சது? எப்படா பரிசீலிச்சே? அதுக்கும் கீழ, எங்கள் சேவை எப்படி இருந்ததுன்னு அஞ்சு நட்சத்திரத்தை வேற நீட்டறான்.

சரி, மக இருக்கறாளேன்னு கிருத்திகாவைக் கூப்பிட்டேன். பெங்களூர்ல சாஃப்ட்வேர் கம்பெனியில இருக்கறா. இந்தச் சேனலை மூடறதுக்கு வழி சொல்லு சாமின்னேன். "அப்பா, எடிட்டிங் பண்றதே நான்தானுங்க"ன்னா.

இனி மெசினை நம்பிப் பிரயோசனமில்லை, நாலு பேரை வெச்சுப் பேசிடலாம்னு முடிவு பண்ணினேன். எடப்பாடியில தறி ஓட்டற என் மச்சான், அதாவது வசந்தாமணியோட அண்ணன், பேரு சின்னண்ணன், அவரைக் கூப்பிட்டேன். மயில்சாமியும் அவன் ஊட்டுக்காரியும் வந்தாங்க. பட்டனை அமுக்கினது நெசம்தானே மாப்ளன்னு மச்சான் ஆரம்பிச்சாரு. எனக்கு வந்துதே கோவம். டீக்கடையில சேர்த்து வெச்சிருந்த அத்தனையும் கொட்டிட்டேன்.

"பட்டனை அமுக்கறதெல்லாம் ஒரு சம்மதமுங்களா மச்சான்? கரண்ட் பில் கட்டறவனும் அமுக்கறான், சினிமா டிக்கெட் எடுக்கறவனும் அமுக்கறான். இன்னைக்கு அமுக்கினதை நாளைக்குத் திருப்பி அமுக்கினாப் போச்சு. நம்ம பக்கத்துல எது சம்மதம்? நாலு பேர் முன்னால வெத்தலை பாக்கு மாத்தோணும். அதுதான் சம்மதம். வெத்தலை மாத்தினதுக்கு அப்பறம் மாப்பிள்ளைக்கு மூக்கு கோணல்னு தெரிஞ்சாலும் கல்யாணம் நடந்தே தீருமுங்க. திருப்பி அமுக்கற வேலை அங்க கெடையாது."

மச்சான் மலைச்சுப் போயிட்டாரு. மயில்சாமி தலையாட்டினான். வசந்தாமணி முந்தானையில கையைத் தொடைச்சுட்டு அவங்க அண்ணனைப் பார்த்துச் சொன்னா.

"முப்பது வருசமா இவர் சாப்பிட உக்காந்தா நான் ஒருத்தியாத்தான் கேட்டுட்டு இருந்தேனுங்ணா. இப்பத்தான் நாப்பதாயிரம் பேரு கூட உக்காந்து கேக்கறாங்க. எனக்குக் கொஞ்சம் பாரம் கொறைஞ்ச மாதிரி இருந்துது. வேண்டாம்னா விட்டர்றேன். அவர் சொல்றது ஞாயந்தான். வெத்தலையே மாத்திக்கலாமுங்க."

ஒரு நிமிசம் எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா உரிமைன்னு வந்தா எரக்கம் பார்க்கப்படாதுங்க. நிபந்தனையை நானே சொன்னேன், அட்சரம் பெசகாம. என் மூஞ்சி இனி வரப்படாது. என் கொரல் வரப்படாது. போட்டதெல்லாம் இப்பவே அழியோணும். அதோட இந்தச் சேனலு மேல எனக்கு ஒரு வழக்கும் இல்லை. வேற ஏதாச்சும் சேர்க்கோணுமுங்களா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு வசந்தாமணி கேட்டா. மச்சானும் ஒருக்காக் கேட்டாரு. அவ்வளவுதான், மூஞ்சியும் கொரலும் போதும்னுட்டேன். தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வந்துது. மச்சான் கையால மாத்திக்கிட்டோம். எல்லார் கண்ணு முன்னாலயும் ஒண்ணு விடாம அழிச்சுட்டா.

அன்னைக்கு டீக்கடையில நான் பேசின பேச்சை நீங்க கேட்டிருக்கோணும். ஒத்தை ஆளா நின்னு ஒரு ஆப்பையே பணிய வெச்சுட்டேன்னு சொன்னேன். தலையாட்டறதுக்குத்தான் மயில்சாமி வரலை. பண்ணையில வேலை இருக்கும்னு நெனைச்சுக்கிட்டேன்.

அடுத்த வாரம் பட்டறைக்கு வந்த லாரி டிரைவர் ஒருத்தர் போனைப் பார்த்துச் சிரிச்சுட்டு இருந்தாரு. எட்டிப் பார்த்தேன். எங்கூட்டு மேசை. என் தட்டு. என் நாற்காலி. அதுல பனியனைப் போட்டுட்டு மயில்சாமி உக்காந்திருக்கறான். ஒரு வாய் ரசத்தைக் குடிச்சுட்டு, இது ரசம்னு ரசத்துக்குத் தெரியுமாங்கறான். அதையும் சிரிச்சுட்டே சொல்றான் பாவி. கோவத்துல சொல்ற பேச்சைச் சிரிச்சுட்டுச் சொன்னா அது விருந்தாளி பேசற பேச்சால்ல ஆயிப்போவுது? கீழ ஒருத்தன், பழைய மாமாவை விடப் புது மாமா நெம்ப நல்லா இருக்கறாருன்னு எழுதியிருக்கறான்.

எனக்கு நெசமாவே வலிச்சுதுங்க. மூஞ்சி கெடக்குது, அது எங்கப்பன் குடுத்தது, நான் ஒண்ணும் பண்ணலை. ஆனா அந்தப் பேச்சு நான் உண்டாக்கினது. ஒவ்வொரு கொழம்பா, ஒவ்வொரு பொரியலா, முப்பது வருசமா உக்காந்து உண்டாக்கினது. அதைக் கொண்டுபோயி ஒரு கோழிப்பண்ணைக்காரன் வாயில வெச்சுட்டாளே.

ஊட்டுக்கு ஓடினேன். என்ன புள்ளெ இதுன்னேன். உங்க மூஞ்சி இல்லீங்களே, உங்க கொரலும் இல்லீங்களேன்னா. பேச்சு என்னுதுன்னு கத்தினேன்.

"பேச்சைப் பத்தி அன்னைக்கு நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே மாமா. வெத்தலை மாத்தியாச்சு. இனி என்ன பண்றதுங்க?"

மச்சானுக்குப் போன் போட்டேன். தறிச் சத்தத்துக்கு நடுவுல, "நான் அன்னைக்கே கேட்டனே மாப்ள, நீங்கதான் போதும்னீங்க"ன்னுட்டு வெச்சுட்டாரு. பட்டனா இருந்திருந்தாத் திருப்பி அமுக்கியிருப்பேன். வெத்தலையை எங்க போயி அமுக்கறது? மயில்சாமிகிட்டப் போயி, டேய், இது உனக்கே ஞாயமான்னேன். இல்லீங்ணான்னு தலையாட்டினான். அப்ப நடிக்காதேடான்னேன். அக்கா சோறு நல்லாப் போடறாங்கண்ணான்னு அதுக்கும் தலையாட்டினான்.

யோசிச்சேன். பேச்சு எங்கருந்து வருது? என் வாயிலருந்து. வாயை மூடிட்டா? கெணறு வத்திப்போச்சுன்னா எவன் எறைப்பான்? இனி சாப்பாட்டுல ஒரு சொல்லு பேசறதில்லைன்னு சபதம் எடுத்துட்டேன்.

அவ சும்மா இருப்பாளா? மொத நாள் கொழம்புல உப்பு இல்லை. பேசாம சாப்பிட்டேன். மறுநாள் இட்லியைப் புட்டா விரல் வலிச்சுது. பேசாம முழுங்கினேன். அதுக்கும் மறுநாள் ஆறிப்போன களியைக் கொண்டாந்து வெச்சா. இது களின்னு களிக்குத் தெரியுமான்னு கேள்வி தொண்டை வரைக்கும் வந்துது. மோரை ஊத்தி உள்ள தள்ளினேன். கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. அவ எதிர்ல நின்னு என்னையவே பார்த்துட்டு இருந்தா. ஆனா ஜெயிச்சது நான். ஒரு சொல்லு வெளிய போகலை.

அப்படித்தான் நெனைச்சேன். அடுத்த வீடியோவுக்கு என்ன பேரு வெச்சா தெரியுமுங்களா? "மாமா இன்னைக்குப் பேசலை." மயில்சாமி வந்து உக்காந்து ஒரு வார்த்தை பேசாம களியை முழுங்கறான். அவ்வளவுதான் வீடியோவே. நாப்பதாயிரம் பேரு ஒரே நாள்ல ரெண்டு லட்சம் ஆயிட்டாங்க. நான் பேசினாலும் எடுத்துக்கறா, பேசாம இருந்தாலும் எடுத்துக்கறா. இதுக்கு மேல ஒருத்தன் என்னத்தைத்தான் பூட்டி வெப்பான்?

அதைக் கூடப் பொறுத்துக்குவேன். ஆனா அந்தப் படுபாவி பேசாம இருக்கறதையாச்சும் ஒழுங்காப் பண்ணினானான்னு கேளுங்க. சும்மா பரக்கப் பரக்க முழிச்சுட்டு மெல்லறான். பேசாம சாப்பிடறதுன்னா அதுவா? தாடை இறுகோணும். தட்டைப் பார்க்கப்படாது, செவுத்தைப் பார்க்கோணும். மோர் டம்ளரைக் கீழ வெக்கறப்ப டொக்குன்னு ஒரு சத்தம் வரோணும். அந்தச் சத்தத்துலதான் மொத்தக் கோவமும் இருக்குது. இவன் டம்ளரை முட்டை வெக்கற மாதிரி வெக்கறான்.

மத்தியானம் பட்டறையை அப்படியே போட்டுட்டு ஊட்டுக்கு வந்தேன். படம் புடிச்சுட்டு இருந்தாங்க. மயில்சாமி ஊட்டுக்காரி போனைப் புடிச்சுட்டு நின்னுது. நான் வாசப்படியில நின்னு, டம்ளரை எடுடா, திருப்பி வெய்யி, டொக்குன்னு வெய்யின்னேன். வசந்தாமணி என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கலை.

"மாமா, உங்க மூஞ்சி படத்துல உழுந்துருமுங்க. கதவுக்குப் பின்னால போயிருங்க. கொரலையும் கொஞ்சம் கொறைச்சுக்குங்க."

ஞாயம்தானே? வெத்தலை மாத்தியிருக்கறோமே. சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னால போயி நின்னு, மெதுவாச் சொல்லிக் குடுத்தேன். தாடை. செவுரு. டம்ளரு. மயில்சாமி சரிங்ணான்னு தலையாட்டிட்டு டொக்குன்னு வெச்சான் பாருங்க. எனக்கே ஒடம்பு சிலிர்த்துருச்சு. அடுத்து பொரியலை எப்படித் தள்ளி வெக்கோணும்னு சொல்லலாம்னு இருந்தேன். நின்ன காலு வலிக்குதேன்னு திரும்பினேன்.

கதவுக்குப் பின்னால எனக்கு நாற்காலி போட்டிருந்துது. அதுக்கு நேரா ஃபேன், நான் வர்றதுக்கு முன்னாலருந்தே ஓடிட்டு இருந்துது.