சத்தம் போடாத டப்பா

இனி இந்த வீட்டில் யாருக்கும் பயப்படுவதில்லை என்று தீர்மானித்தேன். மனதுக்குள்தான் தீர்மானித்தேன். வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது.

'யாருக்கும்' என்றால் என் மனைவி ஒருத்திக்குத்தான். எனக்குச் சர்க்கரை நோய். போன வருடம் வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்தேன். அன்றிலிருந்து பிஸ்கட் டப்பா அவள் காவலில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் 'டொப்' என்று ஒரு சத்தம் வரும். குழாயைத் திறந்துவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தாலும் அவளுக்கு அது கேட்டுவிடும். "வைங்க கீழே!" என்று உள்ளிருந்தே குரல் வரும். என் கையிலிருக்கும் பிஸ்கட்டுக்கே வியர்த்துவிடும்.

நான் குக்கருக்கு ரப்பர் வளையம் செய்யும் பட்டறையில் மேற்பார்வையாளன். காற்றை எப்படி அடைப்பது, எப்படி விடுவது என்பதுதான் என் பிழைப்பு. டப்பா மூடிக்கு ஒரு வளையம் செய்து, அதில் சாய்வாக ஒரு கீறல் போட்டேன். மூடியைத் தூக்கினால் காற்று பூனை மாதிரி உள்ளே நுழையும். சத்தமே கிடையாது. "பிஸ்கட் நமத்துப்போகாம இருக்கும்" என்று அவளிடம் சொல்லி மாட்டிவிட்டேன். அதன்பிறகு வாழ்க்கை இனித்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? காப்புரிமை வாங்கினேன். ஊரெல்லாம் கடை வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு, அதை விற்கத் தயார் என்று எழுதிப் போட்டேன். நுணலும் தன் வாயால் கெடும். நான் தபாலால் கெட்டேன்.

அந்த நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர் போன் செய்தார். ஒரு பெண்மணி.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கே வரேன் சார். நிஜமான சமையலறையிலதான் சோதிப்போம். உங்க மிஸஸும் இருக்கட்டும்."

"அவ... எதுக்கு மேடம்?"

"காது வேணுமே சார். சத்தம் கேக்கலைன்னு நீங்களே சொல்லிக்கிட்டா எப்படி?"

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"யாரோ வராங்கன்னீங்களே, எதுக்காம்?" என்றாள் மனைவி.

"டப்பாவைப் பாக்க."

"டப்பாவைப் பாக்கவா? அதுல அப்படி என்ன இருக்கு?"

"நமத்துப்போகாதுல்ல. அதான்."

"ஓகோ."

அந்த 'ஓகோ' தேவைக்கு மேல் நீளமாக இருந்ததுபோல் எனக்குப் பட்டது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? என் மடியில் அரை டப்பா பிஸ்கட் கனத்தது.

ஞாயிற்றுக்கிழமை மேலாளர் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திறந்துவிட்டார்.

"உங்க வீட்டுக்காரர் பெரிய ஆளும்மா! சத்தமே இல்லாம திறக்கற மூடி கண்டுபிடிச்சிருக்கார்."

"அப்படியா?" மனைவி என் பக்கம் திரும்பினாள். "சத்தமே இல்லாமயா?"

தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றேன். கத்தவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

அவளைக் கூடத்தில், சுவரைப் பார்த்து நிற்கவைத்தார் மேலாளர். நான் சமையலறையில் டப்பாவோடு நின்றேன். கேட்டது என்று அவள் சொன்னால் வியாபாரம் போச்சு. கேட்கவில்லை என்று சொன்னால் நான் போனேன். சத்தம் வரட்டும் என்றும் கடவுளை வேண்டினேன், வரக்கூடாது என்றும் வேண்டினேன். மூடியைத் தூக்கினேன்.

"கேட்டுச்சாம்மா?"

"இன்னும் திறக்கவே இல்லையே?"

"திறந்தாச்சும்மா!" மேலாளர் கைதட்டினார். ஒப்பந்தக் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தார்.

மனைவி மெதுவாக உள்ளே வந்தாள். திறந்த டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் மேடம். உங்க கடையில டப்பா வாங்கறது யாரு?"

"பெரும்பாலும் பொம்பளைங்கதாம்மா."

"அவங்க எதுக்குக் கைக்காசைப் போட்டு, வீட்டுத் திருடனுக்கு வசதி பண்ணிக் குடுக்கணும்?"

மேலாளரின் பேனா பாதியில் நின்றது. காகிதம் மெல்லப் பைக்குள் திரும்பத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்தது.

"இருங்க," என்றாள் மனைவி. மூடியிலிருந்து வளையத்தை உருவினாள். தலைகீழாகத் திருப்பி மாட்டினாள். மூடியை அழுத்தி மூடிவிட்டு, சட்டென்று தூக்கினாள்.

'வீல்!'

மேலாளரின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். எப்போது போனேன் என்று தெரியாது.

"ஒரு நாள் கழுவிட்டு மாத்தி மாட்டிட்டேன். வீடே அலறிடுச்சு. இப்படி வித்துப் பாருங்க."

"எங்க வீட்டுக்கே நாலு வேணும்மா!" என்றார் மேலாளர். கையெழுத்து போடும் வேலை மட்டும் எனக்குக் கிடைத்தது.

அவர் போனபிறகு, கதவோரம் நின்றபடியே கேட்டேன். "அப்போ உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தினம் ஒரு பிஸ்கட்டுக்குக் கெஞ்சற மனுஷன் திடீர்னு கெஞ்சறதை நிறுத்திட்டா, தெரியாதா?"

"பின்னே ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"கேட்டா வெளியில போய்த் தின்பீங்க. அதான் டப்பாவுல சர்க்கரை இல்லாத பிஸ்கட்டா மாத்தி வெச்சேன்." அவள் குரல் இறங்கியது. "அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல தனியா உக்காந்திருந்தேனே, அந்தப் பயம் எனக்கு இன்னும் போகலைங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பயப்படுகிறவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தப் பிஸ்கட்டெல்லாம் எனக்குத் தேனாய் இனித்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

இப்போது எங்கள் தெருவில் எந்த நேரமும் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து 'வீல்' கேட்கிறது. ஆண்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கடைக்குப் போகக்கூட மனைவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் போகிறேன்.

கடைக்கு வந்த முதல் டப்பாவை நிறுவனம் எங்களுக்கு இலவசமாக அனுப்பியிருந்தது. கண்டுபிடித்தவன் பெயர் எங்காவது இருக்கும் என்று ஆசையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: 'கணவர் ஒருவரை வைத்துச் சோதிக்கப்பட்டது.'