கண்டிஷன் மாமாவின் கூரைப் படங்கள்

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்த ஒரே மனிதர் எங்கள் தெரு மாவு மில்காரர்தான். மற்றவர்கள் வீட்டுக்கடன் வாங்கும்போது வங்கியில் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிட்டு, அதைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். அவரோ மில் ஓடும் சத்தத்துக்கு மேல் அதிலுள்ள கண்டிஷன்களை உரக்கப் படிப்பார். ஆகவே தெருவுக்கே அவர் கண்டிஷன் மாமா.

ராகி அரைக்க வருபவர்களுக்கும் தேர்வு உண்டு.

"காத்துல ஓடு பறந்தா?"

"காசு வருமுங்க."

"ஓடு பழசாகி ஒழுகுனா?"

"அதுக்கும் வருமுங்க."

"வராது. பழசானது உன் பொறுப்பு. போயி வரிசையில கடைசியா நில்லு."

மாதந்தோறும் ஒன்றாம் தேதி கூரையைப் படமெடுப்பது அவருடைய நோன்பு. காற்றடிக்கும் முன் கூரை நன்றாக இருந்ததென்று நிரூபிக்க வேண்டுமாம். ஒட்டியிருந்த அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே சாய்த்த ஏணியில், அன்றைய நாளிதழுடன் நான் நிற்க வேண்டும். அவர் எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து கைபேசியை நீட்டுவார்.

"பாப்பா, தேதி தெரியல. மூஞ்சி மறைஞ்சாலும் பரவால்ல, பேப்பர ஒசத்திப் புடி."

இளங்கலை மூன்றாண்டுகளும் அப்படங்களில் என் முகம் தலைப்புச் செய்திகளுக்குப் பின்னாலேயே கழிந்தது.

சென்ற சித்திரையில் சூறைக்காற்று அடித்து, இரண்டு வீட்டு ஓடுகளும் தெருவில் நொறுங்கின. இரு வீட்டாரும் உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் தெரிவித்தோம். "சேதத்தப் பாக்க சர்வேயர் வர்ற வரைக்கும் ஒரு துண்டையும் தொடாதீங்க" என்று மாமா மூன்று முறை சொன்னார். ஆனால் வீட்டுக்கு அதிகாரி வருகிறார் என்றால் அம்மாவின் கை துடைப்பத்தைத் தேடும். எங்கள் பக்கம் உடைந்து கிடந்த ஓடுகளைத் தெருப்பள்ளத்தில் கொட்டி நிரவி, வாசல் தெளித்து, பெரிய கோலமும் போட்டுவிட்டார்.

சர்வேயர் கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்தார். "ஒடஞ்ச ஓடு எங்கம்மா?"

"நீங்க வர்றீங்கன்னு சுத்தமா கூட்டிட்டேனுங்க."

"கூரை முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சுன்னா? நான் என்னத்தம்மா எழுதறது?"

அம்மாவின் முகம் வாடியது. இழப்பீடு கிடைக்காவிட்டால் மழைக்காலம் முழுவதும் தார்ப்பாய்தான் எங்கள் கூரை.

மாமா கைபேசியை இறுகப் பிடித்தபடி சற்று நேரம் பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான். பிறகு அதை நீட்டினார்.

"மூணு வருசப் படம் இருக்குதுங்க சார். அவங்க கூரையப் பாருங்க."

சர்வேயர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எங்கள் கூரை எல்லா மாதமும் குறையின்றி இருந்தது. பக்கத்திலேயே மாமா வீட்டு முகடு, மாதத்துக்கு மாதம் சிறிது சிறிதாகத் தொய்ந்துகொண்டே வந்தது.

"இது உங்க வீடுங்களா? மரம் ரொம்ப நாளாவே உளுத்திருக்குதே."

"ஆமாங்க. பழசானதுக்கு வராது" என்ற மாமா, பத்திரத்தின் பக்க எண்ணையும் தாமே சொன்னார்.

எங்களுக்குப் புது ஓடு வந்தது. அவர் வீட்டின் மேல் நீலத் தார்ப்பாய் ஏறியது. அம்மாவுக்கு மனம் ஆறவில்லை.

"ஏங்கண்ணா, செல்போன நீட்டறதுக்கு முன்னாடி உங்க வூட்ட யோசிக்கலீங்களா?"

"யோசிச்சேன். அதான் கொஞ்சம் நேரமாச்சு."

அடுத்த ஒன்றாம் தேதி அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானே நாளிதழை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, படமெடுக்க அவரைக் கூப்பிட்டேன். இம்முறை முகத்தை மறைக்கவில்லை.