ஸ்கேனுக்குப் போக வேண்டாம் என்று தம்பிக்கு எழுதியது

அன்பும் பிடிவாதமும் சரிசமமாக உள்ள என் தம்பிக்கு,

அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். யார் அதிக நலம் என்பதில்தான் தினமும் சண்டை. அங்கேயும் எல்லோரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். உன் மனைவி போன் செய்து, "மாமா, உங்க தம்பி ஸ்கேனுக்கு வரமாட்டேங்கிறார், வைரஸ்தான் போயிடுச்சே, இனிமே எதுக்குங்கிறார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அழாத குறையாகச் சொன்னாள். போனில் சொன்னால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால் கடிதம். சின்ன வயதில் ஒரே ஊசியைக் கொதிக்கவைக்காமல் நம் இருவருக்கும் குத்திய புண்ணியவானால், சேர்ந்தே ஹெபடைட்டிஸ் சி வாங்கினோம், சேர்ந்தே மூன்று மாதம் மாத்திரை விழுங்கினோம், சேர்ந்தே வைரஸை விரட்டினோம். கல்லீரலில் விழுந்த தழும்பு மட்டும் போகவில்லை. சிரோசிஸ் என்கிறார்கள். அதில் புற்றுநோய் முளைக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருதரம் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டுமாம். நான் ஆறு தடவை போய்வந்தவன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

முதல் தடவை வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். ஒரு காபியும் நாலு பிஸ்கட்டும் சாப்பாட்டில் சேருமா, நீயே சொல், ஸ்கேன் அறை அம்மா சேரும் என்று தீர்ப்புச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார், மறுநாள் நிஜமாகவே பட்டினியாகப் போனால் வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார், பிடித்தேன், அதற்குள் யாரோ கதவைத் தட்ட அவர் போய்ப் பேசிவிட்டு வந்து "ஐயோ, இன்னுமா பிடிச்சிட்டிருக்கீங்க, விடுங்க சார்!" என்று பதறினார். முப்பது வருஷம் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்தவன்டா நான், உத்தரவு வராமல் பிரஷரை வெளியே விடுவேனா?

ஆறாவது தடவை டாக்டரிடமே கேட்டுவிட்டேன். "நாங்க பாய்லரைச் சோதிச்சா ஒரு வருஷத்துக்கு சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுப்போம் டாக்டரம்மா, அதே மாதிரி கொடுத்தீங்கன்னா ஹாலில் மாட்டிக்கிறேன்." அவர் சிரித்துவிட்டு, "ஆறு மாசத்துக்கு மேல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றார். "வைரஸ்தான் போயிடுச்சே, அடுப்பையே அணைச்சாச்சே!" என்றேன். "தகட்டுல தழும்பு விழுந்த பாய்லரை, போன தடவை நல்லா இருந்ததுன்னு நீங்க பார்க்காம விட்டிருப்பீங்களா?" என்றார். இந்தத் தொழில் ரகசியமெல்லாம் இந்தம்மாவுக்கு யார் சொன்னது என்று திரும்பினால், பக்கத்து நாற்காலியில் உன் அண்ணி ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆறு தடவையும் "ஒன்றுமில்லை" என்றுதான் ரிப்போர்ட். ஒன்றுமில்லாததைப் பார்க்க எதற்கு இத்தனை பாடு? அதுகூடப் பரவாயில்லை. அந்தக் காகிதம் கைக்கு வருகிறவரை எனக்குத் தூக்கமே வருவதில்லை. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம், பயம்டா. அதனால் அடுத்த வாரம் வருகிற ஏழாவது ஸ்கேனுக்கு நான் போவதாக இல்லை. நீயும் போக வேண்டாம். அண்ணன் கண்டிப்பாக எழுதியிருக்கிறார் என்று மட்டும் உன் மனைவியிடம் சொல்லி வை.

உனக்கு நீண்ட ஆயுளும், உன் மனைவிக்கு உன்னைப் பொறுத்துக்கொள்ளும் சக்தியும், பிள்ளைகளுக்கு எல்லா நலனும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு அண்ணன்

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி உன் அண்ணியிடமே கொடுத்தேன், என் புத்தியைப் பார். அவள் தபாலில் போடாமல் உறையைப் பிரித்துப் படித்திருக்கிறாள். ஸ்கேன் அன்று காலையில் டாக்ஸியோடு வாசலில் நின்றாள். அந்த ஏழாவது ஸ்கேனில் ஒரு புள்ளி தெரிந்தது, சின்னப் பட்டாணி அளவு. பெரிய ஸ்கேன் எடுத்து, புற்றுநோய்தான் என்று உறுதி செய்தார்கள். "இவ்வளவு சின்னதா இருக்கும்போதே சிக்கினது நல்லதாப் போச்சு சார்" என்றார் டாக்டர். உள்ளே ஊசியை விட்டுச் சூட்டிலேயே பொசுக்கிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து நேற்று மறுபடி படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "அந்த இடம் சுத்தமா இருக்கு" என்றார். உன் அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான். நீ கலங்கிப்போவாய் என்று இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை.

புதுக் கடிதம் எழுதச் சோம்பல். அதனால் இதையே அனுப்புகிறேன். மேலே இருப்பதில் ஆசீர்வாதத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உன் பேரில் நேரம் வாங்கியாயிற்று, உன் மனைவிக்குத் தெரியும். நானும் வந்து உட்கார்ந்திருப்பேன். பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்கோடா. நான் உன் அண்ணி கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.