டவுட்டு அண்ணன் தேடிப் பிடித்த வக்கீல்

ஒரகடம் தொடங்கி இருங்காட்டுக்கோட்டை வரை வாழும் மொத்த ஜனமும் படவேண்டிய சந்தேகத்தை ஒற்றை ஆளாகப் பட்டுத் தீர்ப்பவர் எங்கள் டவுட்டு அண்ணன். நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். என் கம்பெனியிலேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பால் பாக்கெட்டைக் குலுக்கிக் காதில் வைத்துப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் மண்டபத்துக்குப் போன் போட்டு விசாரிப்பார்.

சில வருடங்களுக்கு முன் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்த என்னை ஒரு கன்டெய்னர் லாரி இடித்துத் தள்ளியது. வலது கால் முறிந்தது. கோவில்பட்டியில் அம்மா ரயில் ஏறுவதற்குள், ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே ஆப்பிள் பையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"கவலையே படாதீங்க தம்பி. நஷ்டஈட்ட நம்ம வக்கீல் சார் வாங்கிக் குடுத்துருவாரு. இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒண்ணு. மீதிய நாங்க எழுதிக்கிறோம்."

எல்லாம் வெற்றுத்தாள். கால் ஊன்ற முடியாவிட்டால் கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலைக்கு என்னை யார் நிற்கவைப்பார்கள், தங்கச்சி படிப்பு என்னாகும் என்ற பயத்தில் பேனாவை வாங்கிவிட்டேன். அப்போது அண்ணன் உள்ளே வந்தார்.

"இவனுக்கு அடிபட்டது இவன் அம்மாவுக்கே இப்பதான் தெரியும். உனுக்கு எப்டி தெரிஞ்சிது?"

"கேள்விப்பட்டோம்ண்ணா."

"யார்கிட்ட?"

ஆப்பிள்காரர் பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து டியூட்டி முடிந்ததும் வார்டு வாசலில் அண்ணன் காவல் இருந்தார். தேடி வந்த வக்கீல் ஆட்கள் எல்லாரும் திரும்பிப் போனார்கள். பிசியோதெரபிக்காரரும் போனார். "கால் கேஸ் யாரு?" என்று கேட்டது அவர் செய்த தப்பு. வெள்ளைச் சட்டையில் வந்த என் தாய்மாமனையும் வக்கீல் ஆள் என்று சந்தேகப்பட்டு, கீழே டீக்கடையில் உட்காரவைத்துவிட்டார் அண்ணன்.

"மருமவனே, ஒங்கம்மாகூடப் பொறந்தவன்னு சொல்லுதேன். ரேஷன் கார்டக் காட்டுங்காரு" என்று மாமா போனில் புலம்பினார். அம்மா போய் மீட்டு வந்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் நஷ்டஈடு கிடையாது என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் நாட்கள் ஓடின.

"அண்ணே, யாராவது ஒரு வக்கீல் வேணும்லா. நாள் போயிட்டு இருக்குல்லா."

"தேடிக்கினு வர்றவன் வேணாம்டா. நாம தேடிக்கினு போவோம்."

வாரவிடுப்பிலெல்லாம் கோர்ட்டுக்குப் போய் வராந்தாவில் உட்கார்ந்தார். "இன்னா கேஸ்ணா?" என்று தானாக வந்து கேட்ட வக்கீலையெல்லாம் கழித்துக்கட்டினார். நான் காலை நீட்டியபடி காலண்டரையே பார்த்துக் கிடந்தேன்.

ஒருநாள் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார்.

"கெடச்சிட்டாங்கடா. ஒரு அம்மா. மரத்தடில சாப்டுக்கினு இருந்தாங்க. கேஸ் ஒண்ணு கீது மேடம்னேன். சாப்புடுறப்ப வராதீங்க, அப்பறம் வாங்கன்னு தொரத்திட்டாங்க."

"தொரத்துனவங்களயாண்ணே புடிச்சிருக்கிய?"

"நம்ம கேஸ் மேல ஆசையே இல்லடா அவங்களுக்கு."

என்னை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போனார். அந்த அம்மா போலீஸ் எஃப்.ஐ.ஆரையும் ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் பொறுமையாகப் படித்தார்.

"எவ்ளோ வரும் மேடம்?" என்றார் அண்ணன்.

"இப்ப தெரியாது. கால் எந்தளவு சரியாகுதுன்னு பாக்கணும். கெடு இன்னும் முடியல. இந்த வாரமே போட்டுடலாம்."

எனக்கு மூச்சு வந்தது. தெரியாது என்று சொல்லும் வக்கீலைப் பார்த்துவிட்ட பூரிப்பில் அண்ணன் என் தொடையைத் தட்ட, நான் அலறினேன். வக்காலத்துப் பத்திரத்துக்கு வரிவரியாக அர்த்தம் கேட்டு, அந்த அம்மாவின் சாப்பாட்டு நேரத்தை மறுபடி கெடுத்த பிறகே என்னைக் கையெழுத்துப் போடவிட்டார்.

வழக்கு இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அண்ணன் லீவு போட்டு வந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் குட் மார்னிங் சொன்னால்கூட என்னைப் பதில் சொல்லவிட மாட்டார். கடைசியில் இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு தரவேண்டும் என்று தீர்ப்பானது. தங்கச்சி படிப்பு நிற்கவில்லை. எனக்கும் உட்கார்ந்து பார்க்கும் வேலையாகக் கம்பெனியில் கொடுத்தார்கள்.

லேசாகத் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறேன். சிக்னலில் லாரிகள் நின்ற பிறகும் அண்ணன் அவற்றை நம்புவதில்லை. ஒரு கையை அவற்றை நோக்கி நீட்டிக்கொண்டு, மறுகையால் என் மணிக்கட்டைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைக்கிறார். கம்பெனி பஸ்ஸில் இருப்பவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் கையை உருவிக்கொள்வதில்லை.