எண்பத்தேழு சதவீதக் கொள்ளுத்தாத்தா

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள், நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மகத்தானது கொள்ளுத்தாத்தாதான். நெருப்பு சமைக்க உதவும். சக்கரம் ஆபீசுக்குப் போக உதவும். ஆனால் சமைத்ததைத் தின்றுவிட்டு ஆபீசுக்குப் போகிறவன் சாதாரண ஆள் அல்ல என்பதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு உணர்த்த, ஒரு கொள்ளுத்தாத்தா இல்லாமல் முடியாது.

எங்கள் கொள்ளுத்தாத்தாவை 1958-ஆம் ஆண்டு, மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், என் அண்ணா ஸ்ரீகண்டன் தலைமையில் கண்டுபிடித்தோம். அவசரத் தேவை ஏற்பட்டிருந்தது. எங்கள் கிராஸுக்கு, அதாவது குறுக்குத் தெருவுக்கு, எண் மட்டும்தான் உண்டு, பெயர் கிடையாது. சமஸ்தானத்தில் சேவை செய்த பெரியவர் ஒருவர் தெருவாசிகளின் குடும்பத்தில் இருந்து, அதற்குப் 'புகைப்பட ஆதாரமும்' இருந்தால், அவர் பெயரையே தெருவுக்கு வைக்கலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. கொள்ளுத்தாத்தா வெங்கடராமன் சமஸ்தான உத்தியோகஸ்தர். அவருடைய ஆபீஸ் புகைப்படம் ஒன்றையும் அப்பா விட்டுப்போயிருந்தார். ஒரே ஒரு சிறு குறை. அதில் இருந்த பன்னிரண்டு பேரில் கொள்ளுத்தாத்தா யார் என்று உயிரோடிருக்கும் எவருக்கும் தெரியாது.

அண்ணா அதைக் குறையாகவே கருதவில்லை. 'வம்ச ஆராய்ச்சிக் கமிட்டி' அமைத்தார். தலைவர் அவர். செயலாளர் நான். பொதுமக்கள், மன்னி ருக்கு.

"படத்துக்குப் பின்னாடி பேர் ஏதாவது எழுதியிருக்குமோ?" என்று பொதுமக்கள் கேட்டார்கள்.

"பெரியவாளைக் கவுத்துப் போடச் சொல்றியா? சும்னிரு!" என்றார் தலைவர். கோபம் வந்தால் அண்ணாவுக்குக் கன்னடம் வரும்.

அந்தக் காலத்தில் படம் எடுக்கும் முறையை இங்கே விளக்கிவிடுகிறேன். எனக்கு அது மிகவும் பிடிக்கும். கண்ணாடித் தகட்டில் உருவம் பதியப் பல விநாடிகள் ஆகும். அதுவரை அசையக்கூடாது. அதனால் ஒவ்வொருவர் பின்கழுத்திலும் ஓர் இரும்புக் கவட்டையை முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். கழுத்தில் இரும்பு குத்திக்கொண்டிருக்கும்போது மனித முகத்தில் ஒரு கடுமை வரும். இதை நான் கமிட்டியில் எடுத்துச் சொன்னேன்.

"நேர்மைடா நாணு, நேர்மை! கண்ணுல தெறிக்கறது பார்!" என்று அண்ணா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் கறுப்புக் கோட்டும் வாடிய முகமுமாக இருந்தார்கள். நடுவில், காலியான ஒரு பெரிய நாற்காலியின் பக்கத்தில் நின்றவரோ வேறு ரகம். சரிகைத் தலைப்பாகை. மார்புக்குக் குறுக்கே அகலமான பட்டை. அதன்மேல் பளபளவென்று ஒரு பதக்கம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் பதக்கத்தில் '14' என்ற எண்.

"பதினாலு குண்டு மரியாதை!" என்று அண்ணா உட்கார்ந்துவிட்டார். "பீரங்கிடா! இவர் ஆபீசுக்கு வந்தா பதினாலு தடவை!"

"தினமுமா?" என்றாள் மன்னி. "எப்படித்தான் ஃபைல் பார்த்தாளோ."

ஆனாலும் கமிட்டி அவசரப்படவில்லை. அறிவியலை நாடியது. அண்ணா தம் தொழிற்சாலையிலிருந்து வெர்னியர் காலிப்பர் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு பல் நிலையாக இருக்கும்; இன்னொன்று நகரும். நடுவில் எதை வைத்தாலும் ஒரு மயிரிழை வரை துல்லியமாக அளந்துவிடும். எஞ்சின் உறுப்புகளுக்காகச் செய்யப்பட்ட அந்தக் கருவியால் குடும்பத்தின் மூக்குகள் அனைத்தும் அளக்கப்பட்டன. பிறகு படத்திலிருந்த மூக்கு. அண்ணாவின் மூக்கு எண்பத்தேழு சதவீதம் பொருந்தியது. என்னுடையது எண்பத்தொன்று. கும்பகோணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மன்னியின் மூக்கு தொண்ணூற்று மூன்று.

"ஏன்னா, அதெப்படி?" என்றாள் மன்னி, மூக்கைத் தேய்த்துக்கொண்டு.

"பதினெட்டு வருஷம் இந்தாத்துல இருக்கியே. ஒட்டிண்டிருக்கும்."

அன்று மாலையே படத்துக்குச் சந்தன மாலை போட்டோம். காலையில் காபி குடிக்கும் முன் அண்ணா பதினாலு குண்டுக்காரரைக் கும்பிட்டார். மூன்று மாதம் நானும் கும்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெயர் வைக்கும் விஷயமாக ஆதாரத்தைப் பரிசீலிக்க ஆம்ப்ரோஸ் என்ற அதிகாரி வந்தார். கண்டோன்மென்ட்காரர். நல்ல மனிதர். பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு, "உள்ள ஒரே இருட்டு சார். வெளிச்சத்துக்குக் கொண்டாங்க" என்றார்.

படம் மாலையோடு வாசல் காம்பவுண்டுக்கு வந்தது. அங்கே சின்னத்தாயி பெருக்கிக்கொண்டிருந்தாள். பதினாறு வருடமாக எங்கள் வீட்டுக்கு வெளியே பெருக்குகிறவள். கூடம்வரை வரவேண்டிய 'அவசியம்' அவளுக்கு ஏற்பட்டதில்லை. ஆகவே அந்தப் படத்தை அன்றுதான் பார்த்தாள். துடைப்பம் கீழே விழுந்தது.

"சாமி, இது எங்க தாத்தா ஆச்சே!"

பதினாலு குண்டுக்காரரை விரலால் சுட்டினாள்.

"முனிசாமிங்க. சமஸ்தான ஆபீசுல டவாலி. எங்க தாத்தாவுக்கு நீங்க ஏன் சாமி மாலை போட்டிருக்கீங்க?"

"ஏம்மா, நன்னாப் பாரு. அது மெடல்!" என்றார் அண்ணா.

"வில்லைங்க அது. சேவகருங்க பட்டையில குத்திக்கறது. பதினாலாம் நம்பரு. இடது மூல நசுங்கியிருக்கும் பாருங்க. துரை கோவத்துல பூட்ஸ் காலால மிதிச்சது. இன்னும் எங்க வூட்லதான் இருக்குது."

ஆம்ப்ரோஸ் பூதக்கண்ணாடியை வைத்தார். இடது மூலை நசுங்கித்தான் இருந்தது.

"அப்போ எண்பத்தேழு சதவீதம்?" என்று மன்னி மெதுவாகக் கேட்டாள்.

"காலிப்பர்ல தூசி" என்றார் அண்ணா.

ஆம்ப்ரோஸ் மகிழ்ச்சியோடு பேனாவைத் திறந்தார். "கவலையே வேணாம் சார். சமஸ்தான சேவை இருக்கு, பேர் இருக்கு, போட்டோ இருக்கு, வில்லை இருக்கு. பேத்தி உங்க தெருவுலதான் வேலை செய்யறாங்க. 'முனிசாமி கிராஸ்'. கேக்க எவ்ளோ நல்லா இருக்கு! எழுதிடவா?"

அண்ணா அந்தப் பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பரே இருக்கட்டும் சார்" என்றார் கடைசியில். "நம்பர்ல ஒரு சமத்துவம் இருக்கு."

அதிகாரி போனதும் சின்னத்தாயி கேட்டாள்: "அதுல எங்க தாத்தாவ மட்டும் குடுப்பீங்களா சாமி? எங்க கிட்ட ஒரு படம் கூட இல்ல."

அண்ணாவின் பெருந்தன்மையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். உடனே சட்டத்தைக் கழற்றினார், கத்தரிக்கோலை எடுத்தார், தலைப்பாகை முதல் கால்வரை நடுவில் அகலமாக ஒரு பட்டை வெட்டிக் கொடுத்தார். மாலை மட்டும் நம்முடையது என்று எடுத்து வைத்துக்கொண்டார். அவள் படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு சிவாஜிநகர் பஸ் ஏறினாள்.

மிஞ்சிய இரண்டு துண்டுகளையும் மேசையில் போட்டபோது அவை கவிழ்ந்து விழுந்தன. பின்பக்கம் முழுவதும் அழகான கையெழுத்தில் பெயர்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். பதினோரு பேரும் யார் யாரோ. கீழ் ஓரத்தில் ஒரு குறிப்பு: 'துரை வரவில்லை. வெங்கடராமன், டவாலிக்குப் பின்னால். காது மட்டும் தெரியும்.'

துண்டுகளைத் திருப்பித் தேடினோம். காது இல்லை.

மறுநாள் சின்னத்தாயியே சொன்னாள்: "தாத்தா தோளுக்குப் பின்னால யாரோட காதோ தெரியுதுங்க சாமி. அவருக்கும் சேத்துதான் பூ வெச்சிருக்கோம். ஒரு நாளு வூட்டுக்கு வந்து பாருங்க."

"கட்டாயம் வரோம்" என்றார் அண்ணா.

மல்லேஸ்வரத்திலிருந்து சிவாஜிநகருக்கு நேர் பஸ் இருக்கிறது. இது நடந்து நாலு வருடமாகிறது. பதினோரு அந்நியர்களும் புதுச் சட்டத்தில் எங்கள் கூடத்தில் மாலையோடு இருக்கிறார்கள். சின்னத்தாயி இன்னும் காம்பவுண்டைத்தான் பெருக்குகிறாள். எங்கள் குடும்பத்தில் அவள் வீட்டுக்குள் போன ஒரே மனிதர் கொள்ளுத்தாத்தாதான். அவரையும் நாங்கள் கத்தரிக்கோலால் வெட்டித்தான் அனுப்பினோம்.