பாக்கியரத்தினத்தாரின் மூச்சுக் கணக்கு

லாம்பை அணைத்துப் பத்து நிமிசம்கூட இராது, அந்தச் சத்தம் கேட்டது. "கிறீச்." பிறகு ஒன்றுமில்லை. பிறகு "டொக்." பிறகு, விடாய்த்த மாடு தொட்டியில் வாய் வைத்த மாதிரி, "களுக், களுக்."

குணேஸ்வரி எட்டு மாதப் பூரணியை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டாள். ஆமிக்காரன் என்றால் கதவைத் தட்டுவான். மற்றவர்கள் என்றால் தட்டாமலே வருவார்கள். இது தட்டவுமில்லை, வரவுமில்லை. ஆறுதலாக எதையோ குடித்துக்கொண்டிருக்கிறது.

பக்கத்துப் பாயைத் தடவினாள். புருசனைக் காணவில்லை. பாதிப் பயம் அதோடு போய்விட்டது.

பாக்கியரத்தினம், கிண்ணியாவுக்கு அங்கால் ஒரு சின்ன மருந்துச்சாலையில் மருந்து கலந்து கொடுப்பவர். டொக்டர் மாற்றலாகிப் போய் ஒரு வருசமாவதால் ஊருக்கு அவர்தான் டொக்டர். இரண்டு மாதத்துக்கு முன் பட்டினத்தில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய், இருமலுக்கு வைத்தியம் செய்யும் வழிகாட்டி ஒன்றோடு வந்தார். அதைத் தன் உருண்டைக் கையெழுத்தில் தமிழாக்கி, ஒன்றை மருந்துச்சாலையிலும் ஒன்றை வீட்டு அலுமாரிக்கு மேலும் ஒட்டினார். நோயாளியை அமைதிப்படுத்தி ஒரு நிமிசம் முழுக்க மூச்சை எண்ண வேண்டும். மூச்சு வேகமில்லை என்றால் அது சாதாரண சளி. சாதாரண சளிக்கு அன்ரிபயற்றிக் கிடையாது. அன்றிலிருந்து ஊரில் இருமுகிற ஆட்களின் மூச்செல்லாம் அவருடைய விரல் நுனியில்.

அடுத்த வீட்டு முத்தலிப்பையும் போன கிழமை அப்படித்தான் எண்ணி, மல்லி அவித்துக் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். முத்தலிப்பின் மனைவி றுக்கியா வேலிக்கு மேலால் குணேஸ்வரியிடம் சொன்னாள்:

"இரிங்க புள்ள. உங்கட டொக்டருக்கும் ஒரு நாளைக்குச் சளி புடிக்கும்தானே. அப்ப பாப்பம் அந்தக் கடுதாசிய."

இன்று காலை பிடித்தது.

அலுமாரிக்குள் ஒரேயொரு போத்தல் அன்ரிபயற்றிக் சிரப் இருந்தது. பூரணிக்கென்று அவரே கொண்டுவந்து வைத்தது. மருந்து லொறி மூன்று கிழமையாகச் சோதனைச் சாவடி தாண்டவில்லை. துறையில் பாதை, அதாவது அக்கரைக்கு ஆளேற்றும் அந்த மிதவை, ஆறு மணிக்கே நின்றுவிடும். இரவில் பிள்ளைக்கு மூச்சு முட்டினால், விடிந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அந்தப் போத்தல்தான் அவளுக்குத் துணை. அதை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு இரவும் கண்ணை மூடுவாள்.

குணேஸ்வரி லாம்பைக் கொளுத்தினாள். அலுமாரி திறந்து கிடந்தது. பூட்டு, கத்தரிக்கோல் செருகியபடி தொங்கியது. பாக்கியரத்தினம் கபில நிறப் போத்தலோடு நின்றார்.

"என்ன செய்யிறீங்கள்?"

"லேபலை வாசிச்சனான்."

"இருட்டிலயோ? வாயாலயோ?"

"இஞ்சபாரும், இது சாதாரண சளியில்லை. எனக்கெல்லோ தெரியும். உள்ளுக்க ஆழமாப் போட்டுது."

"அப்ப எண்ணிப் பாப்பம். கதிரையில இருங்கோ."

மணிக்கூட்டை எடுத்து லாம்படியில் வைத்தாள். அவர் இருந்ததும் இருக்காததுமாகப் புசுபுசுவென்று இழுக்கத் தொடங்கினார். தண்டவாளத்தில் ஏறிய எஞ்சின் தோற்றது.

"கண்டீரோ? நாப்பதுக்குக் கிட்ட!"

"முதல்ல அமைதிப்படுத்த வேணும். நீங்கள்தானே எழுதி ஒட்டினனீங்கள்."

பூரணியின் கிலுகிலுப்பையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள். பூரணி சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, ஆனால் கிலுகிலுப்பையைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிசத்துக்கு மேல் யாரால் புசுபுசுக்க ஏலும்? குணேஸ்வரி எண்ணினாள்.

"பதினெட்டு. சாதாரண சளி."

"சரி, குடிச்சது குடிச்சாச்சு. ஆனா உண்மையைச் சொல்லவேணும். ரெண்டு மிடறுதான், நெஞ்சு அப்பிடியே இளகிட்டுது. மருந்தெண்டால் மருந்துதான்."

"அது மல்லித் தண்ணி. பனங்கற்கண்டு போட்டு அவிச்சது."

பாக்கியரத்தினம் போத்தலை மோந்து பார்த்தார். மூக்கு காலையிலிருந்தே அடைத்துக்கிடந்தது.

"எப்ப மாத்தினனீர்?"

"நீங்கள் முதல் தும்மல் தும்மினவுடனே. மல்லி றுக்கியா தந்தவ."

"றுக்கியாவுக்கும் தெரியுமோ!"

"நாளைக்கு முத்தலிப்புக்கும் தெரியும்."

"அப்ப அந்தப் போத்தல் எங்க?"

"பூரணிக்குத் தேவைப்படேக்க வரும்."

அவர் பாய்ப் பக்கம் நடந்தார். குணேஸ்வரி லாம்பை உயர்த்தி அலுமாரிக்கு மேல் காட்டினாள். ஒன்பதாம் வரி, உருண்டைக் கையெழுத்தில், கீழே இரண்டு கோடு போட்டு: சளி உள்ள பெரியவர்கள் கைக்குழந்தையோடு ஒரே அறையில் படுக்கக் கூடாது.

"அது சனத்துக்கு எழுதினது," என்றார்.

"நாங்கள் என்ன, சனமில்லையோ?"

பாய், தலையணை, மிச்ச மல்லித் தண்ணி மூன்றும் வெளி அறைக்குப் போயின. பின்னால் அவரும் போனார்.

"இஞ்சாரும், தனியப் படுக்க... வெளியில ஏதும் சத்தம் கேட்டால்?"

"அமைதியா இருந்து மூச்சை எண்ணுங்கோ. ஒரு நிமிசம் முழுக்க."

படுக்கை அறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. தீபாவளியிலிருந்து அதைச் சரி செய்து தருவதாக அவர் சொல்லிவந்தார். மல்லி அவியும்போது குணேஸ்வரி அதற்கும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசி வைத்திருந்தாள்.

தாழ்ப்பாள் ஒரே தள்ளில் விழுந்தது.